போர்ப்படைகள் மொத்தத்துக்கும் மேலே ஒரு தளபதி: அவருக்கு அப்படி என்ன வேலை?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டின் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதி என்று ஒருவர் உச்சியில் இருக்கிறார். களத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவர் இருக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில், சண்டையிடும் படைகளை எல்லாம் மேற்பார்க்க இன்னொரு மூத்த தளபதி எதற்கு? போர் வந்தால் அவர்தான் சண்டையை நடத்துவாரா? இரண்டு பெரியவர்கள் மோதிக்கொள்ள மாட்டார்களா? தோற்றால் யார் தலை உருளும்?

முதலில் தமிழில் இருக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் செய்திகளில் 800 பேர் கொண்ட பட்டாலியனை நடத்துபவரும் தளபதிதான், பல லட்சம் பேர் கொண்ட ராணுவத்தின் உச்சியில் இருப்பவரும் தளபதிதான். பெயர் ஒன்றாக இருப்பதால், மேலே போகப் போக அதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் வேலையின் தன்மையே மாறிவிடும். கீழே அருமையாகச் செயல்பட்ட சிலர் மேலே போய்த் திணறுவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து அங்கேயே ஆணையிடும் பழக்கம் பட்டாலியனில் கைகொடுக்கும். அதே பழக்கம் மேலே ஆளைக் கவிழ்த்துவிடும்.

படிநிலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். தோராயமாக 30 பேர் ஒரு பிளட்டூன், 100 முதல் 150 பேர் ஒரு கம்பெனி, 600 முதல் 900 பேர் ஒரு பட்டாலியன், 3,000 முதல் 5,000 பேர் ஒரு பிரிகேட், 10,000 முதல் 20,000 பேர் ஒரு டிவிஷன். சில டிவிஷன்கள் சேர்ந்தால் ஒரு கோர். கோர்கள் சேர்ந்தால் ஓர் ஆர்மி. ராணுவம் முழுவதையுமே ஆர்மி என்பதால் இதைக் களப்படை என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. எந்தப் படியில் பார்த்தாலும் பொதுவாக ஒருவருக்குக் கீழே நேரடியாக மூன்று முதல் ஐந்து பேர்தான் இருப்பார்கள். ஒரு மனிதனால் நெருக்கடி நேரத்தில் அதற்கு மேல் கவனிக்க முடியாது. ஆக, ஒரு லட்சம் பேருக்குத் தளபதி என்றாலும் அவர் உண்மையில் பேசுவதும் ஆணையிடுவதும் அந்த நாலைந்து பேரிடம்தான். மற்றவர்களை அவர் அந்த நாலைந்து பேர் வழியாகத்தான் தொட முடியும்.

இனி கேள்விக்கு வருகிறேன். "போர்ப்படைகளின் தளபதி" என்ற பதவிக்குள் இரண்டு வெவ்வேறு நாற்காலிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, படைகளைத் தயார் செய்து கொடுப்பவரின் நாற்காலி. மற்றொன்று, தயாரான படைகளை வைத்துப் போர் நடத்துபவரின் நாற்காலி. சில நாடுகளில் இரண்டிலும் ஒரே ஆள் உட்காருகிறார். சில நாடுகளில் திட்டமிட்டே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் ஃபீல்டு ஆர்மி எனப்படும் போர்ப்படைகளின் தளபதி ஒரு லெப்டினன்ட் ஜெனரல். ஆண்டோவரில் இருக்கும் ராணுவத் தலைமையகத்தில், தலைமைத் தளபதிக்குக் கீழே வேலை செய்கிறார். டிவிஷன்களும் பிரிகேட்களும் அவருடைய பொறுப்பு. ஆனால் அவர் தயார் செய்த ஒரு படை வெளிநாட்டுக்குப் போய் இறங்கியதும், அதை நடத்துவது பொதுவாக அவர் இல்லை. நார்த்வுட்டில் 1996-ல் அமைந்த முப்படைக் கூட்டுத் தலைமையகம் அதை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவிலும் 1973-ல் இதே சிந்தனையில்தான் தரைப்படையின் ஒரு பெரிய கமாண்டை, அதாவது ஒரே தலைமையின் கீழ் இருந்த படைத்தொகுதியை, இரண்டாக உடைத்தார்கள். போர்ப்படைகளைத் தயார்நிலையில் வைக்க ஒன்று, பயிற்சிக்கும் போர்க்கொள்கைக்கும் இன்னொன்று. பிறகு 1986-ல் வந்த கோல்ட்வாட்டர்–நிக்கல்ஸ் சட்டம், போரை நடத்தும் அதிகாரம் அந்தந்தப் பிராந்தியத்தில் எல்லாப் படைகளுக்கும் பொதுவான கூட்டுத் தளபதிகளுக்கே என்று உறுதியாக்கியது. அங்கே தரைப்படையின் தலைமைத் தளபதி ஒரு பட்டாலியனைக்கூடப் போருக்கு ஆணையிட்டு அனுப்ப முடியாது. கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் நடைமுறை அதுதான்.

இந்திய ராணுவத்தில் ஏற்பாடு வேறு. உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், புனே, லக்னோ, கொல்கத்தா என்று ஆறு இடங்களில் ஆறு செயல்பாட்டுக் கமாண்டுகள். பயிற்சிக்கென்று சிம்லாவில் தனியாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு லெப்டினன்ட் ஜெனரல். ராணுவத்துக்குள் இவர்களை ஆர்மி கமாண்டர் என்பார்கள். செயல்பாட்டுக் கமாண்டில் இருப்பவர் தன் எல்லைக்குள் படைகளைத் தயாராக வைத்திருப்பவரும் அவரே, அந்த எல்லையில் போர் வந்தால் நடத்துபவரும் அவரே. இரண்டு நாற்காலியும் ஒருவருக்கு.

எது சிறந்தது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. தொலைதூர நாடுகளுக்குப் படை அனுப்பும் நாட்டுக்குப் பிரித்து வைப்பது வசதி. சொந்த எல்லையில் காவல் நிற்கும் ராணுவத்துக்கு, அந்த மலையையும் ஆற்றையும் அறிந்தவரே போரையும் நடத்துவது வசதி.

சரி, தயார் செய்வது என்றால் என்ன? வெளியிலிருந்து பார்த்தால் அணிவகுப்பும் போர்ப்பயிற்சியும்தான் தெரியும். உள்ளே இருப்பது பெரும்பாலும் கணக்கு. ஒரு பிரிகேட் எப்போதும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டுமானால் குறைந்தது மூன்று பிரிகேட்கள் வேண்டும். ஒன்று பணியில் இருக்கும்போது, இன்னொன்று அடுத்த முறைக்காகப் பயிற்சியில் இருக்கும், மூன்றாவது பணி முடிந்து திரும்பி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அந்த மூன்றாவதில் வண்டிகள் பழுதுபார்ப்பில் கிடக்கும், ஆட்கள் விடுப்பில் போயிருப்பார்கள், அனுபவசாலிகள் மாற்றலாகி, புதியவர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். காகிதத்தில் மூன்றும் பிரிகேட்தான். நாளைக்கே போர் என்றால் ஒன்றுதான் பிரிகேட்.

இந்த இடத்தில்தான் மேல்தளபதியின் குணம் முக்கியமாகிறது. காகிதத்தில் 100 டாங்குகள் இருக்கலாம். காலையில் சாவி போட்டால் எத்தனை கிளம்பும்? கிளம்பியவற்றில் எத்தனைக்கு ஒன்றாகப் பழகிய குழு இருக்கிறது? அந்தக் குழு கடைசியாக உண்மையான குண்டு போட்டுச் சுட்டது எப்போது? எத்தனை நாள் சண்டைக்குக் குண்டு கையிருப்பில் இருக்கிறது? நான்கு கேள்விகளையும் கேட்டு முடிப்பதற்குள் 100 என்ற எண் பாதியாகிவிடலாம். கீழேயிருந்து வரும் அறிக்கைகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டு வரும். சிவப்பு காட்டியவரைக் கூப்பிட்டுத் திட்டுகிற தளபதிக்கு, அடுத்த மாதம் முதல் எல்லாமே பச்சையாக வரும். அதைவிட ஆபத்தான பச்சை உலகத்தில் கிடையாது. சமாதான காலத்தில் இந்தப் பதவியில் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய சேவை, சிவப்பைத் தைரியமாகக் காட்டும் அதிகாரிகளைக் காப்பாற்றுவதுதான் என்பேன்.

இப்போது போர்க்காலம். ஒரு கம்பெனித் தலைவரின் உலகம் நிமிடங்களால் ஆனது. பட்டாலியனுக்கு மணிக்கணக்கு, டிவிஷனுக்கு ஒன்றிரண்டு நாள். அதற்கும் மேலே போனால் வாரக்கணக்கு. இன்று நடக்கும் சண்டையை ஆர்மி தளபதியால் பெரிதாக மாற்ற முடியாது. இன்றைய சண்டை அவர் போன வாரம் எடுத்த முடிவுகளின் விளைவு. அவர் மாற்றக்கூடியது அடுத்த வாரத்தை.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு டிவிஷனின் 3,000 வண்டிகள் ஒரே சாலையில், வண்டிக்கு வண்டி 50 மீட்டர் இடைவெளி விட்டுப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் நீளம் 150 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முதல் வண்டி கடந்த இடத்தைக் கடைசி வண்டி கடக்க 6 மணி நேரம் ஆகும். இது வழியில் பாலம் உடையாமல், எதிரி விமானம் வராமல், ஒரு வண்டியும் குறுக்கே நின்றுபோகாமல் இருந்தால். இப்படிப்பட்ட ஒன்றை வடக்கிலிருந்து தெற்கே திருப்ப வேண்டும் என்று இன்று தோன்றினால், அது அங்கே போய்ச் சண்டைக்கு நிற்க நாட்கள் ஆகும். அதனால்தான் அவருடைய ஆணை முன்கூட்டியே போக வேண்டும். இருக்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டு இரண்டு பங்கைக் கீழே விட வேண்டும் என்று ராணுவங்களில் ஒரு விதி சொல்லித் தருவார்கள். மேலே இருப்பவர் யோசித்து யோசித்து அழகான திட்டம் தயாரித்துக் கடைசி நேரத்தில் அனுப்பினால், கம்பெனித் தலைவருக்கு இடத்தைப் பார்க்கக்கூட வெளிச்சம் மிஞ்சாது.

அப்படியானால் போர் நடக்கும்போது அவர் கையில் உண்மையில் இருப்பது என்ன? முக்கியத் தாக்குதல் எங்கே என்று தீர்மானிப்பது ஒன்று. பீரங்கி, விமான உதவி, பாலம் கட்டும் பிரிவு, பெட்ரோல் இவற்றை யாருக்குக் கூட்டி யாருக்குக் குறைப்பது என்பது அதோடு சேர்ந்தது. இரண்டு கோர்களுக்கு நடுவே எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது இன்னொன்று. சாதாரணமாகத் தெரியும், ஆனால் எதிரி நுழைவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான். அது நம்முடையது என்று இருவருமே நினைக்காத இடம் அது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரிசர்வ்.

ரிசர்வ் என்பது சண்டையில் இறக்காமல் கையில் வைத்திருக்கும் படை. ஒரு தளபதிக்குச் சண்டை தொடங்கிய பிறகும் முடிவெடுக்கும் உரிமை மிச்சமிருக்கிறது என்றால், அது ரிசர்வ் இருக்கும் வரைதான். அதைச் செலவழித்துவிட்டால் அவரும் மற்றவர்களைப் போலப் பார்வையாளர்தான். இரண்டாம் உலகப் போரில், 1940 மே மாதம் பிரெஞ்சு ராணுவத்துக்கு நடந்தது இதற்குச் சரியான பாடம். தலைமைத் தளபதி காமலான், தன் நல்ல வேகமான படைகளில் ஒன்றான ஏழாவது ஆர்மியை, ரிசர்வாக இருந்த இடத்திலிருந்து எடுத்து, ஹாலந்தின் பிரெடா நோக்கி அனுப்பும் திட்டத்தில் சேர்த்துவிட்டார். மே 13-ல் ஜெர்மானியர்கள் செடானில் மியூஸ் நதியைக் கடந்தார்கள். மே 16-ல் பாரிசுக்கு ஓடிவந்த சர்ச்சில், ரிசர்வ் எங்கே என்று கேட்டார். எதுவும் இல்லை என்று பதில் வந்தது. பிரெஞ்சு ராணுவத்திடம் ஆட்களுக்கோ டாங்குகளுக்கோ அப்படியொன்றும் பஞ்சமில்லை. தேவையான இடத்துக்குத் திருப்ப, தளபதியின் கையில் எந்தச் சண்டையிலும் சிக்காமல் நின்ற ஒரு படை இல்லை. அவ்வளவுதான்.

அதே போரில் இன்னொரு கூத்தும் உண்டு. காமலான் உட்கார்ந்திருந்தது பாரிஸ் அருகே வான்சென் கோட்டையில். வடகிழக்கு முனையை நடத்திய தளபதி ஜார்ஜ் இன்னொரு ஊரில். ராணுவப் பொதுத் தலைமையகம் மூன்றாவது ஊரில். வான்சென் கோட்டையில் ரேடியோ ஒலிபரப்பிக்கூடக் கிடையாது. மோட்டார் சைக்கிளில் ஆள் போய்வர வேண்டும். இவர்களுடைய ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குள், நதியைக் கடந்த எதிரி வெகுதூரம் போயிருப்பான்.

தளபதி எங்கே உட்கார வேண்டும் என்ற கேள்வி சின்னதாகத் தெரியும். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல் அது ஒரு போரையே திருப்பியது. மேற்கு முனையில் ஜெர்மனியின் ஏழு ஆர்மிகள். அவற்றை ஒருங்கிணைக்க வேண்டிய ஜெர்மன் ராணுவத் தலைவர் மோல்ட்கே லக்சம்பர்க்கில், முனையிலிருந்து வெகு தொலைவில் இருந்தார். செப்டம்பர் முதல் வாரத்தில், வலது ஓரத்தில் இருந்த முதல் ஆர்மிக்கும் இரண்டாவது ஆர்மிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. குளுக், பூலோ என்ற அந்த இரண்டு தளபதிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. நேரில் போய் இருவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டியவர், ஹென்ச் என்ற லெப்டினன்ட் கர்னலை செப்டம்பர் 8 அன்று காரில் அனுப்பினார். அவர் ஒவ்வொரு ஆர்மி தலைமையகமாகப் போய்ப் பார்த்தார். மறுநாள் பின்வாங்கும் முடிவு வந்தது. பாரிஸ் தப்பியது. அந்தக் கர்னல் தன் அதிகாரத்தை மீறினாரா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால் வாதமே தவறான இடத்தில் நடக்கிறது. ஏழு ஆர்மிகளின் விதியை ஒரு கர்னலின் பயணத்தில் வைத்தவர் யார் என்பதே கேள்வி.

இன்றைக்கு நோய் தலைகீழ். ட்ரோன் அனுப்பும் நேரடிப் படம் தலைமையகத்தின் சுவர் முழுக்க ஓடுகிறது. ஒரு பிளட்டூன் எந்தப் பதுங்குகுழியில் இருக்கிறது என்பதை ஜெனரல் பார்க்கிறார். பார்த்தால் கை அரிக்கும். இடதுபக்கம் போகச் சொல் என்று வாய் வரை வந்துவிடும். அந்தக் கணத்தில் ராணுவத்தில் பிளட்டூன் தலைவர் ஒருவர் அதிகமாகிறார், ஆர்மி தளபதி ஒருவர் குறைகிறார்.

இதற்கு மாற்றாக எல்லா ராணுவங்களும் ஓதும் கொள்கை, என்ன செய்ய வேண்டும் என்றும் எதற்காக என்றும் சொல், எப்படிச் செய்வது என்பதைக் கீழே விடு என்பது. சொல்வது சுலபம். 1864 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கிராண்ட், தனக்குக் கீழே இருந்த மீடுக்கு எழுதியது எனக்குப் பிடித்த உதாரணம். எதிர்த்தரப்புத் தளபதி லீயின் படைதான் உங்கள் இலக்கு, லீ எங்கே போனாலும் நீங்களும் அங்கே போங்கள் என்ற கருத்து. ஊரைப் பிடி, ஆற்றைக் கட என்று எதுவும் இல்லை. நிலைமை எப்படி மாறினாலும் மீடுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

கேள்வியில் இருந்த மோதல் விஷயத்துக்கும் இதே இருவர்தான் விடை. கிராண்ட் ஒட்டுமொத்தத் தலைமைத் தளபதி. மீடு, போடோமக் ஆர்மியின் தளபதி. கிராண்ட் தலைநகரில் உட்காராமல் மீடின் ஆர்மியோடேயே கூடாரம் போட்டுத் தங்கினார். சங்கடம் இல்லாமல் இருந்திருக்குமா? மீடுக்கு மனவருத்தம் இருந்தது, வெற்றிகளுக்கெல்லாம் பெயர் கிராண்டுக்கே போனது. ஆனாலும் போர் முடியும் வரை மீடை மாற்றவில்லை. இப்படி இரண்டு பெரியவர்கள் ஒரே இடத்தில் இருந்தால் உரசல் வரத்தான் செய்யும். நடுவில் ஆளே இல்லாமல் போனால் வரும் கேடு அதைவிடப் பெரியது. 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் பல திசைகளிலிருந்து நுழைந்த ரஷ்யா, மொத்தத்துக்கும் இவர்தான் தளபதி என்று ஒருவர் பெயரை வெளிப்படையாக அறிவித்தது அக்டோபர் 8 அன்று. அதற்குள் கீவ் முனையிலிருந்து பின்வாங்கியாகிவிட்டது, கார்கிவ் பகுதியும் கைநழுவியிருந்தது.

கீழே இருப்பவருக்குச் சுதந்திரம் கொடுப்பதில் மேலே இருப்பவருக்கு எவ்வளவு நடுக்கம் இருக்கும் என்பதற்கு 1971-ன் வங்கதேசப் போர் நல்ல சாட்சி. இந்தியாவின் கிழக்குக் கமாண்டின் தளபதி அரோரா. அவருக்குக் கீழே மூன்று கோர்கள். அதில் நான்காவது கோரை நடத்திய சகத் சிங்குக்குக் கொடுக்கப்பட்ட வேலை, மேக்னா நதி வரையிலான பகுதியைப் பிடிப்பது. டாக்கா அவருடைய இலக்கில் இல்லை. நதிக்கரையை அடைந்தபோது ஆஷுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டிருந்தது. அவர் கையில் சில எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள் இருந்தன. டிசம்பர் 9 அன்று அவற்றில் ஆட்களை ஏற்றி நதியைத் தாண்டி இறக்கத் தொடங்கினார். டாக்காவுக்கான வழி திறந்தது. டிசம்பர் 16-ல் சரணடைதல். ஆணையில் எழுதியிருந்ததை மட்டும் செய்திருந்தால் அவர்மீது யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. போர் இன்னும் சில நாள் இழுத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நாள் அன்றைய உலக அரசியலில் மிகப் பெரிய விஷயம்.

அதே போரில் மேல்நோக்கிச் செய்யும் வேலைக்கும் உதாரணம் இருக்கிறது. ஏப்ரலிலேயே போருக்குப் போகலாமா என்ற பேச்சு எழுந்தபோது தலைமைத் தளபதி மானெக்‌ஷா முடியாது என்றார். மழை வந்தால் கிழக்கில் ஆறுகள் கடலாகும், படைகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, குளிர்காலத்தில் இமயக் கணவாய்கள் பனியால் மூடினால் சீனாவை ஒட்டிய வடக்கு எல்லையைப் பற்றிய கவலையும் குறையும். அரசு காத்திருந்தது. இது நடந்தது, ஏனென்றால் இல்லை என்று சொன்னவர் காரணத்தோடும் மாற்றுத் தேதியோடும் சொன்னார், முடிவை அரசிடமே விட்டார். இன்னொரு கோடியில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் இருக்கிறார். கொரியப் போரில் அரசின் கொள்கைக்கு எதிராக வெளியே பேசியதால் 1951 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

மெக்கார்தரின் இடத்துக்கு வந்த ரிட்ஜ்வே பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தப் பதவி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது, அதற்கு முந்தைய அவருடைய மூன்று மாதங்களைத்தான். 1950 டிசம்பர் 23 அன்று கொரியாவில் எட்டாவது ஆர்மியின் தளபதி வாக்கர் ஜீப் விபத்தில் இறந்தார். சில நாட்களில் ரிட்ஜ்வே வந்து பொறுப்பேற்றார். சீனப் படைகளிடம் அடி வாங்கி, வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்வாங்கி வந்திருந்த படை அது. அடுத்த சில நாட்களில் சியோலும் போனது. புதிய ஆயுதம் எதுவும் வரவில்லை, ஆட்களும் பெரிதாகக் கூடவில்லை.

அவர் செய்ததைக் கேட்டால் ஒரு ஜெனரல் செய்கிற வேலையா என்று தோன்றும். முனையில் போய்ச் சுற்றினார். உறையும் குளிரில் கையுறை இல்லாமல் நிற்பவர்களைப் பார்த்துக் கையுறைக்கு ஏற்பாடு செய்தார். சூடான சாப்பாடு முன்வரிசைக்குப் போக வேண்டும் என்றார். வீட்டுக்குக் கடிதம் எழுதத் தாள் இல்லை என்று கேள்விப்பட்டு அதையும் வரவழைத்தார். ஒரு கோரின் திட்ட அதிகாரியிடம் உங்கள் தாக்குதல் திட்டம் என்ன என்று கேட்க, அவரிடம் பின்வாங்கும் திட்டம் மட்டுமே இருந்தது. அந்த அதிகாரி மாற்றப்பட்டார், செய்தி எல்லாத் தலைமையகங்களுக்கும் தானாகவே பரவியது. தாக்குவதற்கு முன்னால் சிறிய விமானத்தில் தாழ்வாகப் பறந்து எதிரி எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று தானே பார்த்துவந்தார். ஜனவரி 25 அன்று அந்த ஆர்மி மறுபடி முன்னேறத் தொடங்கியது. மார்ச் மத்தியில் சியோல் திரும்பக் கிடைத்தது.

கையுறையும் கடிதத்தாளும் அவர் நேரடியாகக் கவனித்த விஷயங்கள் என்றால், நான் முன்னே சொன்னதற்கு அது முரண் இல்லையா? இல்லை. அவர் யாருடைய பிளட்டூனையும் நகர்த்தவில்லை. மேலேயிருந்து மட்டுமே சரிசெய்யக்கூடிய ஒன்றைச் சரிசெய்தார். பட்டாலியன் தலைவரால் ஒரு லட்சம் கையுறைகளை வரவழைக்க முடியாது.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பதினான்காவது ஆர்மியை நடத்திய பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மும் இதே ரகம். அவர் 1943-ல் கணக்கெடுத்தபோது, காயம்பட்டு வெளியேறும் ஒவ்வொருவருக்கும் நோயால் வெளியேறுபவர்கள் 120 பேர். ஜப்பானியர்களைவிடக் கொசு அதிகம் பேரைச் சாய்த்துக்கொண்டிருந்தது. மலேரியா தடுப்பு மாத்திரை இருந்தது, படைவீரர்கள்தான் போடவில்லை. அதைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி வேறு. ஸ்லிம் எந்த வீரரையும் துரத்தவில்லை. திடீரென்று ஒரு பட்டாலியனைப் பிடித்து எல்லோருடைய ரத்தத்தையும் சோதிக்கச் செய்தார். மாத்திரை போட்டவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பட்டாலியனின் தலைவருக்கு வேலை போகும். மூன்று பேரை நீக்கியதோடு மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. நாலைந்து பேர் வழியாகத்தான் தொட முடியும் என்றேனே, ஒரு தளபதி தன் கையை அவ்வளவு தூரம் நீட்டும் விதம் இதுதான். எதை அளப்பது, யாரைப் பொறுப்பாக்குவது என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

பெட்ரோல், குண்டு, ரொட்டி பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். 1944 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கத் தளபதி பேட்டனின் மூன்றாவது ஆர்மி பிரான்சில் நின்றது பெட்ரோல் தீர்ந்ததால் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி, தோற்றால் யார் தலை உருளும்? பெரும்பாலும் இவருடையதுதான். மோல்ட்கே 1914 செப்டம்பர் 14-லேயே மாற்றப்பட்டார், காமலானை 1940 மே 19 அன்று நீக்கினார்கள். ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஸ்லிம் 1942-ல் பர்மாவிலிருந்து தோற்று, பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றிலேயே மிக நீண்ட பின்வாங்கலை நடத்தியவர். சுமார் 1,500 கிலோமீட்டர். மே மாதம் மழையில் அந்தப் படை இம்பால் பக்கம் வந்து சேர்ந்தபோது எலும்பும் தோலுமாக, கிழிந்த துணியோடு இருந்தார்கள். ஆனால் கையில் துப்பாக்கி இருந்தது, பிரிவு பிரிவாக வரிசையில் வந்தார்கள். அவரை நீக்கவில்லை, பிறகு இன்னும் பெரிய படையையே கொடுத்தார்கள். 1945-ல் அவர் அதே பர்மாவை வடக்கிலிருந்து தெற்காக மீட்டுக்கொண்டு வந்தார். மே மாதத் தொடக்கத்தில் அவருடைய படை ரங்கூனுக்குச் சற்று வடக்கே பெகு அருகில் மழையில் மாட்டிக்கொண்டது. மே 3 அன்று ரங்கூனுக்குள் முதலில் நுழைந்தது கடல்வழியாக வந்து இறங்கிய வேறொரு கோர்.